‘பரவாயில்லை மேடம்’ என்று சொல்லிவிட்டு வருகிறவருக்கு

வாசகர் கடிதம் (சுருக்கம்): எனக்கு 43 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். அப்பா இறந்தபின் வீட்டைப் பாகம் பிரிப்பதில் தம்பிக்கும் எனக்கும் தகராறு. பேச்சு நின்று ஒரு வருடம் ஆகிறது. அதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. ஆபீஸில் கணக்குத் தப்புகிறது, வீட்டில் பிள்ளையிடம் எரிந்து விழுகிறேன். மனைவிதான் கவுன்சலிங் ஏற்பாடு செய்தாள். நான்கு வாரம் போயாயிற்று, ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபாய். கவுன்சலருக்கு முப்பது வயதுகூட இருக்காது, கல்யாணமும் ஆகவில்லை. மரியாதையாகத்தான் நடத்துகிறார். ஆனால் கேள்வியாகவே கேட்கிறார். என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. முடிக்கும்போது “இன்னைக்கு எப்படி இருந்தது?” என்பார். “பரவாயில்லை மேடம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். எங்கள் பெரியப்பாவிடம் பேசினால் இதைவிட ஆறுதலாக இருக்கிறது, காசும் கிடையாது. சில ராத்திரி எதற்கு இருக்கிறோம் என்றுகூடத் தோன்றுகிறது. வெறும் பேச்சில் சரியாகும் என்பதற்கு ஆராய்ச்சி ஏதாவது உண்டா? தொடரலாமா, ஆளை மாற்றலாமா, விட்டுவிடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், சில ராத்திரி எதற்கு இருக்கிறோம் என்று தோன்றுவதாக. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் அது. இதைக் கவுன்சலரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. அடுத்த சந்திப்பில் உட்கார்ந்ததும் சொல்லிவிடுங்கள். ஒரு வருடமாகத் தூக்கமும் கெட்டு இந்த எண்ணமும் வருகிறது என்றால் ஒரு மனநல மருத்துவரையும் பார்த்தாக வேண்டும். மாத்திரை வேண்டுமா வேண்டாமா என்பதை அவர் முடிவு செய்யட்டும். கவுன்சலிங்குக்கு அது போட்டி இல்லை, இரண்டும் சேர்ந்து நடக்கலாம். செத்துப் போகலாம் என்ற அளவுக்கு எண்ணம் வலுத்தால் அடுத்த சந்திப்புவரை பொறுக்க வேண்டாம். மனைவியை எழுப்புங்கள். 14416-க்குப் போன் செய்யுங்கள். அது அரசின் டெலி மானஸ் எண், 2022 அக்டோபரில் தொடங்கியது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது. அருகில் உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கும் போகலாம்.

சரி, இனி உங்கள் கேள்விகள்.

வெறும் பேச்சு பலன் தருமா என்ற சந்தேகம் உங்களுக்கு மட்டும் வந்ததில்லை. லண்டனில் ஹான்ஸ் ஐசென்க் என்ற உளவியலாளர் 1952-ல் ஒரு சிறு கட்டுரையில் இதையே கேட்டார். நியூரோசிஸ் என்று அப்போது சொல்லப்பட்ட பதற்றம், மனச்சோர்வு வகைச் சிக்கல்கள் உள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் எந்தப் பேச்சுச் சிகிச்சையும் இல்லாமலே இரண்டு வருடத்தில் தேறிவிடுகிறார்கள், பிறகு சிகிச்சை எதற்கு என்பது அவர் வாதம். துறையே கொதித்தது. அமெரிக்காவில் ஜீன் கிளாஸ் என்ற புள்ளியியல் நிபுணருக்கு அது சொந்தக் கோபம், ஏனென்றால் அவரே சிகிச்சைக்குப் போய்ப் பலன் பெற்றவர். அவரும் மேரி லீ ஸ்மித்தும் சுமார் 375 ஆய்வுகளை ஒன்றாகக் கூட்டிக் கணக்குப் போட்டு 1977-ல் வெளியிட்டார்கள். சிகிச்சை பெற்ற சராசரி மனிதர், பெறாதவர்களில் 75 சதவீதம் பேரைவிட நல்ல நிலையில் இருந்தார். அதற்குப் பின் எத்தனையோ தடவை கணக்கைத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள், சில முறை பலன் குறைவாகவும் வந்திருக்கிறது. ஆனாலும் பேச்சுக்குப் பலன் உண்டு என்ற முடிவு நிற்கிறது. எல்லோருக்கும் உண்டு என்று அர்த்தமில்லை. பெரியவர்களில் 5 முதல் 10 சதவீதம் பேர் சிகிச்சைக் காலத்தில் முன்பைவிட மோசமாகிறார்கள் என்பதும் இத்தகைய ஆய்வுகளில் இருந்துதான் தெரிய வந்தது. எங்கள் துறைக்காரர்கள் முதல் செய்தியைச் சொல்கிற சத்தத்தில் இரண்டாவதைச் சொல்வதில்லை.

எது பலன் தருகிறது என்பதில்தான் உங்களுக்கு வேலை இருக்கிறது.

கார்ல் ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1957-ல் எழுதிய ஒரு கட்டுரை இன்றும் கவுன்சலிங் படிக்கிறவர்களின் பாடத்தில் உண்டு. உதவுகிறவர் எதிரில் இருப்பவரின் உலகத்தை உள்ளே இருந்து புரிந்துகொள்ள வேண்டும், நிபந்தனை போடாமல் மதிக்க வேண்டும், வேஷம் போடாமல் இருக்க வேண்டும். இந்த மாதிரி நிலைமைகள் அமைந்தால் மாற்றம் தானாக வரும், அறிவுரை தேவையில்லை என்றார். உங்கள் கவுன்சலர் கேள்வியாகக் கேட்டுவிட்டுக் காத்திருப்பதற்கு அநேகமாக இந்த மரபில் பெற்ற பயிற்சிதான் காரணம். அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ரோஜர்ஸ் சொன்னது பாதி சரி என்பது என் கருத்து. மீதியை 1979-ல் எட்வர்ட் போர்டின் என்பவர் நிரப்பினார். உதவி உறவில் மூன்று விஷயம் இருக்கிறது என்றார் அவர். எதை நோக்கிப் போகிறோம் என்பதில் இருவருக்கும் ஒத்த கருத்து வேண்டும். அங்கே போக என்ன செய்யப் போகிறோம், யார் எதைச் செய்வது என்பதிலும் வேண்டும். அப்புறம் இருவருக்கும் நடுவில் ஒரு நம்பிக்கை, ஒட்டுதல். இந்த மூன்றையும் கேள்வித்தாள் வைத்து அளந்து, சிகிச்சை முடிவோடு ஒப்பிட்ட ஆய்வுகள் குவிந்துவிட்டன. 2018-ல் கிறிஸ்டோப் ஃப்ளூக்கிகர் குழுவினர் 295 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள், 30,000 பேருக்கும் மேல். எந்தச் சிகிச்சை முறையானாலும், எந்த நாடானாலும், இந்த உறவு நன்றாக அமைந்த இடத்தில் பலனும் கூடுதலாக இருந்தது. ஆளுக்கு ஆள் பலனில் இருக்கும் வித்தியாசத்தில் இது விளக்குவது சுமார் 8 சதவீதம். கணக்குப் பிரிவுக்காரர் நீங்கள், ‘இவ்வளவுதானா’ என்பீர்கள். ஒரு சிகிச்சை முறைக்கும் இன்னொன்றுக்கும் உள்ள வித்தியாசம் பொதுவாக இதையும்விடச் சிறியது. மனிதருடைய சிக்கலின் கடுமை, குடும்பம், வேலை, காலம் என்று அறைக்கு வெளியே இருப்பவைதான் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன. அறைக்குள் நாம் கை வைக்க முடிந்தவற்றில் இது முக்கியமான ஒன்று.

உங்கள் கடிதத்தை இந்த மூன்றையும் வைத்துப் பார்த்தேன். மரியாதையாக நடத்துகிறார் என்கிறீர்கள், ஒட்டுதலுக்கு இடம் இருக்கிறது. எதை நோக்கி? தம்பியோடு சமாதானமா, வழக்குப் போடும் தைரியமா, தூக்கம் மட்டும் வந்தால் போதுமா, பிள்ளையிடம் கத்தாமல் இருப்பதா? கடிதத்தில் இல்லை. அவரிடமும் நீங்கள் சொன்னதாகத் தெரியவில்லை, அவரும் கேட்டு முடிவு செய்ததாகத் தெரியவில்லை. எப்படிப் போவது என்பதிலோ நேர் முரண்: நீங்கள் வழி சொல்வார் என்று போய் உட்கார்கிறீர்கள், அவர் நீங்களே வழி கண்டுபிடிப்பீர்கள் என்று காத்திருக்கிறார். நான்கு வாரம் இப்படிப் போயிருக்கிறது.

வழி சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பஞ்சாபிக் கவிஞரும் மனநல மருத்துவருமான ஜஸ்வந்த் சிங் நேகி, 1973-லேயே ஓர் அமெரிக்க ஆய்விதழில் இதை எழுதினார். நம் நாட்டில் உதவி தேடி வருகிறவர் வழிகாட்டும் ஒரு பெரியவரை, கிட்டத்தட்ட ஒரு குருவை எதிர்பார்த்து வருகிறார்; மேலை நாட்டுச் சிகிச்சையாளரின் ஒதுங்கி நிற்கும் பாணி அவருக்குப் பொருந்தாமல் போகலாம், குரு–சிஷ்ய உறவிலிருந்து எடுத்துக்கொள்ளச் சில விஷயங்கள் உண்டு என்றார். அதற்காக, ‘வீட்டை இப்படிப் பிரி, தம்பிக்கு இத்தனை லட்சம் கொடு’ என்று ஒரு கவுன்சலர் சொன்னால் நான் அங்கிருந்து எழுந்து வந்துவிடச் சொல்வேன். அது அவர் வேலை அல்ல, வக்கீலின் வேலையும் உங்கள் வேலையும். ஆனால் படுக்கும் நேரத்தை எப்படி அமைப்பது, கோபம் ஏறும்போது முதல் இரண்டு நிமிடம் என்ன செய்வது, தம்பிக்கு எழுதாமலே கிடக்கும் செய்தியை எப்படித் தொடங்குவது என்பதெல்லாம் சேர்ந்து திட்டமிட்டுச் செய்யக்கூடியவை. வாரத்துக்கு ஒரு வேலையை வீட்டில் செய்துபார்த்து வந்து பேசுகிற முறைகள் நம்மிடம் இருக்கின்றன, நன்றாகச் சோதிக்கப்பட்டவை. கேட்டால் கொடுப்பார். கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு.

பெரியப்பா விஷயத்துக்கு வருகிறேன். அமெரிக்காவின் வேண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் ஹான்ஸ் ஸ்ட்ரப்பும் சூசேன் ஹேட்லியும் 1979-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு, எங்கள் துறையில் பலருக்கு அதைப் படித்தால் வயிறு எரியும். மனச்சோர்வும் பதற்றமும் இருந்த கல்லூரி மாணவர்களில் சிலரை அனுபவமுள்ள சிகிச்சையாளர்களிடம் அனுப்பினார்கள். சிலரைச் சும்மா பேராசிரியர்களிடம் அனுப்பினார்கள். சிகிச்சைப் பயிற்சி இல்லாதவர்கள், மாணவர்களை நன்றாகப் புரிந்துகொள்வார்கள் என்று பெயர் எடுத்தவர்கள் மட்டும். சராசரியில் இரு தரப்புக்கும் முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றுதான். சின்ன ஆய்வு, அதை வைத்துப் பட்டமே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ஆனால் நல்ல மனிதரின் காது எவ்வளவு தூரம் போகும் என்று காட்டியது.

நம் பக்கத்திலும் சான்று உண்டு. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் விக்ரம் படேல் குழுவினர் மனநலத் துறைப் படிப்பு இல்லாத உள்ளூர் ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, கடுமையான மனச்சோர்வு உள்ளவர்களோடு ஆறு முதல் எட்டு அமர்வுகள் உட்கார வைத்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி மூன்று மாதத்தில் தேறியவர்கள் 64 சதவீதம். மருத்துவரின் வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். ஜிம்பாப்வேயின் ஹராரேயில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா பாட்டிமார்களைப் பயிற்றுவித்து, சுகாதார நிலைய வளாகத்தில் மரப் பெஞ்சு போட்டு உட்கார வைத்ததும் இதே வழிதான். 1986-ல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் தொடங்கிய சிநேகா என்ற தற்கொலைத் தடுப்பு மையம் இன்றும் தன்னார்வலர்களால் நடக்கிறது.

ஆக, பெரியப்பாவிடம் பேசினால் ஆறுதலாக இருக்கிறது என்பதை நான் முழுசாக நம்புகிறேன். போங்கள், பேசுங்கள். ஒரு விஷயத்தை மட்டும் கவனியுங்கள். அந்தப் பாட்டிமார்களுக்கும் கோவாவின் ஆட்களுக்கும் பயிற்சி இருந்தது, கையில் ஒரு முறை இருந்தது, மேலே இருந்து ஒருவர் பார்த்துத் திருத்திக்கொண்டும் இருந்தார். முக்கியமாக, எதிரே உட்கார்ந்தவரின் வீட்டுச் சொத்தில் அவர்களுக்கு ஒரு சம்பந்தமும் இல்லை. உங்கள் பெரியப்பா உங்கள் தம்பிக்கும் பெரியப்பா. நாளைக்குப் பஞ்சாயத்து என்று வந்தால் நடுவில் உட்காரப் போகிறவரே அவராக இருக்கலாம். அவரிடம் தம்பியைப் பற்றி நீங்கள் எவ்வளவு சொல்கிறீர்கள், எவ்வளவு விழுங்குகிறீர்கள்? ராத்திரி வரும் அந்த எண்ணத்தை அவரிடம் சொல்ல முடிந்ததா?

வயது. ‘கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு என் கஷ்டம் என்ன தெரியும்’ என்பது நியாயமான மனக்குறைதான், நம் ஊரில் நாற்பது தாண்டிய ஆண்கள் பலர் இதைச் சொல்லித்தான் இரண்டாவது வாரம் நின்றுவிடுகிறார்கள். ஆனால் ஆய்வுகள் இதற்குத் துணை வருவதில்லை. டிமதி ஆண்டர்சன் குழுவினர் 2009-ல் 25 சிகிச்சையாளர்களையும் அவர்களிடம் வந்த 1,141 பேரையும் எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சையாளர்களுக்குச் சில காணொளிகளைப் போட்டுக் காட்டினார்கள். அதில் வருகிறவர் கோபப்படுவார், குத்திப் பேசுவார், வாயே திறக்கமாட்டார்; ‘இவருக்கு என்ன பதில் சொல்வீர்கள், இப்போதே சொல்லுங்கள்’ என்று பதிவு செய்தார்கள். மேலோட்டமாகப் பார்த்தபோது வயதுக்கு ஒரு பங்கு இருப்பதுபோல் தெரிந்தது. அந்தச் சங்கடமான தருணங்களைச் சமாளித்த திறமையைக் கணக்கில் சேர்த்ததும் வயதின் பங்கு காணாமல் போயிற்று, திறமை நின்றது. அனுபவத்தைப் பற்றி இன்னும் கசப்பான செய்தி 2016-ல் வந்தது. சைமன் கோல்ட்பர்க் குழுவினர் 170 சிகிச்சையாளர்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வருடம் கூடக்கூடச் சராசரியில் அவர்கள் பலன் கூடவில்லை, துளி குறைந்தும் போனது. நரை கண்ட நானும் இதைப் படித்துவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வயதை விடுங்கள், படிப்பைக் கேளுங்கள். நம் நாட்டில் கவுன்சலர் என்று போர்டு மாட்டுவது இன்னும் சுலபமாகத்தான் இருக்கிறது. என்ன படித்தார், எங்கே பயிற்சி, அவருக்கு மேலே இருந்து வழிகாட்டுகிறவர் யாராவது உண்டா என்று கேட்பது அவமரியாதை இல்லை. நல்ல கவுன்சலர் தயங்காமல் சொல்வார். மருத்துவ உளவியலாளர் என்று சொல்லிக்கொண்டால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும்.

இப்போது, ‘பரவாயில்லை மேடம்.’

உங்கள் கடிதத்தில் நான் அதிக நேரம் நின்ற இடம் இதுதான். கனடாவில் டேவிட் ரென்னி என்ற ஆய்வாளர், சிகிச்சை முடிந்த கையோடு வந்தவர்களை உட்கார வைத்து, அந்த உரையாடலின் ஒலிப்பதிவையே போட்டு, ‘இந்த இடத்தில் உங்கள் மனதில் என்ன ஓடியது’ என்று கேட்டார். வெளியே தலையாட்டிக்கொண்டு உள்ளே மறுத்துக்கொண்டிருந்தார்கள். சிகிச்சையாளர் மனம் புண்படக் கூடாது, அவருக்குத் தெரியாததா நமக்குத் தெரியும், நல்ல நோயாளி என்று பெயர் எடுக்க வேண்டும் என்று எத்தனையோ காரணம். 1994-ல் அவர் அதை எழுதினார். நியூயார்க்கில் மேட் பிளான்சார்டும் பாரி ஃபார்பரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வில் 547 பேரில் 93 சதவீதம் பேர் சிகிச்சையாளரிடம் ஏதாவது ஒரு விஷயத்தில் பொய் சொன்னதாக ஒப்புக்கொண்டார்கள். அதிகம் சொன்ன பொய், தான் படும் கஷ்டத்தைக் குறைத்துச் சொன்னது, பாதிக்கும் மேற்பட்டவர்கள். சிகிச்சை நன்றாகப் போகிறது என்று நடித்தவர்களும் பத்தில் மூன்று பேர் அளவுக்கு இருந்தார்கள். இந்த இரண்டு பொய்யும் உங்கள் நான்கு வாரத்தில் இருக்கின்றன.

எதிரே இருப்பவர் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். 2005-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை: ‘உங்களிடம் வருகிறவர்களில் யார் மோசமாகி வெளியேறுவார்கள்’ என்று சிகிச்சையாளர்களையே கேட்டார்கள். 550 பேரில் மூன்று பேரைத்தான் சுட்டிக்காட்டினார்கள். மோசமானவர்கள் 40 பேர். சுட்டிய மூவரில் ஒருவர்தான் சரி. ஒரு மாத வரவு செலவை மாதக் கடைசியில் ஞாபகத்திலிருந்து எழுதச் சொன்னால் உங்கள் ஆபீஸில் என்ன வருமோ அதுதான் இது. அதனால்தான் இப்போது பல இடங்களில் ஒவ்வொரு அமர்விலும் ஒரு சின்னத் தாளை நிரப்பச் சொல்கிறார்கள். இன்று நான் சொன்னதைக் காது கொடுத்துக் கேட்டார்களா, நான் பேச வந்ததைப் பேசினோமா, இந்த முறை எனக்கு ஒத்துவருகிறதா, மொத்தத்தில் எப்படி என்று நான்கே கேள்வி உள்ள தாளும் உண்டு. உங்கள் கவுன்சலரிடம் அது இல்லாவிட்டால் நீங்களே வைத்துக்கொள்ளலாம். கூடவே வாரத்தில் எத்தனை ராத்திரி தூங்கினேன், பிள்ளையிடம் எத்தனை தடவை கத்தினேன் என்று ஒரு பக்கம் குறித்து வையுங்கள்.

விட்டுவிடலாமா என்று கேட்டீர்கள். நான்கு அமர்வை வைத்து விட வேண்டாம், ஆனால் இதே மாதிரி ஐந்தாவதுக்கும் போக வேண்டாம். அடுத்த தடவை போகும்போது இப்படி ஏதாவது சொல்லுங்கள்: “மேடம், பரவாயில்லைன்னு நான் சொன்னது முழு உண்மை இல்லை. இந்தக் கேள்வியெல்லாம் எதுக்குன்னு எனக்குப் புரியலை. எனக்கு முதல்ல தூக்கம் வரணும், பையன்கிட்ட கத்தறது நிக்கணும். அதுக்கு நாம என்ன செய்யப் போறோம், எத்தனை வாரம் ஆகும்னு சொல்லுங்க. வீட்டுல செய்யற மாதிரி ஏதாவது குடுங்க.” இதில் ஒரு வார்த்தையும் மரியாதைக் குறைவு இல்லை. நியூயார்க்கில் ஜெரமி சாஃப்ரனும் கிறிஸ்டோபர் மியூரனும் பல வருடம் ஆராய்ந்தது இந்த மாதிரித் தருணங்களைத்தான். உறவில் விரிசல் இரண்டு விதமாகத் தெரியும் என்றார்கள்: ஒருவர் முட்டி மோதுவார், இன்னொருவர் சத்தமில்லாமல் ஒதுங்கிப்போவார். நீங்கள் இரண்டாவது வகை. விரிசலைப் பேசிச் சரிசெய்த இடங்களில் முடிவும் நன்றாக வந்திருக்கிறது. தம்பியோடு நடந்ததும் இதுதானா என்று அவரே கேட்டாலும் கேட்பார். கேட்டால் கொஞ்சம் யோசித்துவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

நீங்கள் சொன்னதும் அவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். சொன்னதற்கு நன்றி என்று கேட்டுக்கொண்டு, இலக்கை உங்களோடு சேர்ந்து எழுதி, முறையை மாற்றினால் தொடருங்கள். முகம் சுருங்கினால், ‘உங்களுக்கு ஒத்துழைக்கும் மனசு இல்லை’ என்று உங்கள் பக்கமே திருப்பினால், வேறு ஆளைத் தேடுங்கள். குற்ற உணர்ச்சி வேண்டாம். மாற்றும்போது முதல் சந்திப்பிலேயே புதியவரிடம் முன்னது எங்கே நின்றது என்று சொல்லிவிடுங்கள்.

எத்தனை வாரம் பார்ப்பது? கென்னத் ஹோவர்ட் குழுவினர் 1986-ல் 2,400-க்கும் மேற்பட்டவர்களின் விவரத்தை வைத்துச் சொன்னது: எட்டாவது அமர்வுக்குள் சுமார் பாதிப் பேருக்குக் கண்ணுக்குத் தெரியும் முன்னேற்றம் வருகிறது, 26-க்குள் முக்கால்வாசிப் பேருக்கு. பின்னால் வந்தவர்கள் கடுமையான அளவுகோல் வைத்தபோது பாதிப் பேர் தேறுவதற்கே எட்டைவிட அதிக அமர்வுகள் தேவைப்பட்டன. ஆகவே பேசித் திருத்தியபின் இன்னும் நான்கைந்து தடவை போய்ப் பாருங்கள். அப்போதும் உங்கள் குறிப்பில் தூங்கிய ராத்திரிகள் கூடவில்லை என்றால் அந்தத் தாளை அவர் முன்னாலேயே வைத்து, மேலே என்ன என்று கேளுங்கள்.

நேரில் வாய் வராது என்று தோன்றினால் முந்தின நாளே வாட்ஸப்பில் நாலு வரி அனுப்பிவிடுங்கள். ‘நாளைக்கு இதிலிருந்து ஆரம்பிக்கலாமா’ என்று கேட்டால் போதும். ராத்திரி வரும் எண்ணத்தைப் பற்றிய வரி அதில் முதலாவதாக இருக்கட்டும்.